திம்பம் ஏறி மைசூருக்கு: ஒரு பி.எட். மாணவியின் மாநாட்டு நாட்கள்

வியாழன்

ஆசிரியர் படிப்பில் இருப்பவர்கள் தாங்கள் செய்த ஆய்வை வாசிக்கும் மாநாடு ஒன்று மைசூரில் நடக்கிறது. பி.எட்., டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயம்) படிப்பவர்களுக்கு மட்டும். பேராசிரியர்கள் கீழே உட்கார்ந்து கேட்பார்கள், மேடையில் நாங்கள் பேச வேண்டும். நான் கணிதம், என் வகுப்புத் தோழி இயற்பியல். எங்களோடு வழிகாட்டி மேடம். மூன்று பேரும் கோபியிலிருந்து கிளம்பினோம்.

ரயிலில் போனால் ஈரோடு, சேலம், பெங்களூரு என்று ஒரு பெரிய சுற்று. எங்களுக்கு மைசூர் என்பது மலைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு, மைசூர். இந்தச் சாலையில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. புலிகள் காப்பகத்தின் நடுவே போகிற சாலை, அடிபட்டுச் சாகும் விலங்குகள் கொஞ்சமில்லை. அதனால் விடிந்ததும் சத்தியில் பஸ் பிடித்துவிட்டோம்.

பண்ணாரி கோயிலைத் தாண்டியதும் தோழி எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். 27 கொண்டை ஊசி வளைவு. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, “ஜன்னல் பக்கம் உக்காரு கண்ணு, மேல போனா காத்து வரும், சரியாப் போயிரும்” என்றார். திம்பம் ஏறியதும் காற்று வந்தது. அவளுக்குத்தான் சரியாகவில்லை.

எனக்கு இந்தப் பாதை புதிதல்ல. தாளவாடியில் பெரியம்மா வீடு இருக்கிறது. கற்பித்தல் பயிற்சிக்கும் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றையே கேட்டு வாங்கினேன். பி.எட். இரண்டு வருடம் ஆனது 2014-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளால். அதில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம். பலர் இந்த 20 வாரத்தை ரெக்கார்டு நோட்டு எழுதும் காலம் என்று நினைக்கிறார்கள். எனக்கு மொத்தப் படிப்பிலும் அதுதான் பிடித்தது.

காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னே இரண்டு கரும்பு லாரி, அதற்கும் முன்னே ஒரு யானையும் குட்டியும். இந்த இடத்தில் யானைகள் சாலையோரம் வந்து நிற்பதே கரும்பு லாரிக்காகத்தான். லாரியின் மேலிருந்து யாரோ நாலைந்து கட்டைத் தள்ளிவிட, வழி கிடைத்தது. அப்படிப் போடக்கூடாது என்று வனத்துறை சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. பஸ்ஸில் எல்லாரும் கைபேசியோடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மேடம் மட்டும் என் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். “முடிவுரையில ஒரு பக்கம் குறைச்சிரும்மா, பத்து நிமிஷம்தான் தருவாங்க.”

நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. அந்த ஊர் ரசபாளை வாழைப்பழம் பேர்போனது, ஆனால் பஸ் நின்ற இடத்தில் கிடைத்ததெல்லாம் சாதாரணப் பழம். மைசூரில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு அரசு பஸ்ஸில் காசில்லை. ஆனால் அந்த மாநிலத்தவர் என்று அடையாள அட்டை காட்ட வேண்டும். கண்டக்டர் எங்கள் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்தபடி மூன்று டிக்கெட் கிழித்தார். நம் ஊர் டவுன் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் அட்டை கேட்பதில்லை என்று தோழி அவரிடம் தமிழில் வாதாடினாள். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, டிக்கெட் என்னவோ டிக்கெட்தான்.

வெள்ளி

காலையில் பதிவு வரிசை. ஒரு துணிப்பை, பேனா, கழுத்து அட்டை. சான்றிதழ் நாளை மாலைதான் தருவார்களாம். முதல் நாளே கொடுத்தால் பாதிப் பேர் அரண்மனை பார்க்கப் போய்விடுவார்கள் என்று வரிசையில் முன்னால் நின்ற மங்களூர் அண்ணன் சொன்னார். சான்றிதழுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் மறைக்கவில்லை. கல்லூரிக்கு இத்தனை, வழிகாட்டிக்கு இத்தனை என்று கணக்கு ஓடும் காலம் இது.

தொடக்க விழா பற்றிச் சொல்ல அதிகமில்லை. விருந்தினர்கள் தலையில் மைசூர் பேட்டா, தோளில் சால்வை, கையில் பழக்கூடை. பேச்செல்லாம் புதிய கல்விக் கொள்கை பற்றி. 2030-க்குள் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்புதான் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று 2020 கொள்கை சொல்கிறதே, அது. மைசூருக்கு அந்தப் படிப்பு புதிதல்ல. இங்கே பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரியில் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963-இல் தொடங்கியது. அறிவியல் பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு வருடத்தில் தரும் படிப்பை அறுபதுகளிலேயே கையில் எடுத்தது அதுவும் அஜ்மீர், போபால், புவனேஸ்வரில் இருக்கும் அதன் சகோதர நிறுவனங்களும்தான். பயிற்சிக்கென்று வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடமும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அமர்வுகள். ஒரே நேரத்தில் நாலு அறையில். நான் உட்கார்ந்த அறையில் மதியம் வரை வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்தன. ‘மாணவ ஆசிரியர்களின் கைபேசிப் பயன்பாடு’, ‘மாணவ ஆசிரியர்களின் மன அழுத்தம்’, ‘மாணவ ஆசிரியர்களின் இணையவழிக் கற்றல் மனப்பான்மை’. கூகுள் படிவத்தை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியது, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம், ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் வேறுபாடு, இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிட ஒரு டி டெஸ்ட், கடைசியில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’. வேறுபாடு இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஆய்வுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிற நாங்கள் எங்களையே ஏன் இத்தனை தரம் அளந்துகொள்கிறோம்? கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மாதிரி எங்கள் வகுப்புத் தோழர்கள்தான், அதனால்தான். பள்ளியில் போய்க் கேட்க அனுமதி வாங்க வேண்டும், தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் சொல்வதை எழுதி எடுக்க வேண்டும். படிவத்துக்கு அதெல்லாம் வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். மேடம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “அட்டவணை இல்லாமக் குடுத்தா அதை ஆய்வுன்னே ஒத்துக்க மாட்டாங்கம்மா. நான் எம்.எட். பண்ணும்போது இருந்து இதே கதைதான்” என்றார்.

மதியத்துக்கு மேல் விருந்தினராகப் பேச வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஹெக்கடதேவனகோட்டே பக்கத்துக்காரர். பவர்பாயிண்ட் இல்லை, கையில் ஒரு கட்டு அட்டை. பேச்சு முழுக்கக் கன்னடம். வீட்டில் கன்னடம் பேசும் தாளவாடிப் பிள்ளைகள் புண்ணியத்தில் எனக்கு முக்கால்வாசி புரிந்தது. தோழிக்கு நான் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் ஆடிப் பாடிக் கற்கும் ‘நலி கலி’ முறை அந்தத் தாலுக்காவில்தான் 1995-இல் தொடங்கியது, யுனிசெஃப் உதவியோடு. அதற்கு முன்னால் ஆசிரியர்கள் ஆந்திரத்தில் இருக்கும் ரிஷிவேலி பள்ளிக்குப் போய், அதைச் சுற்றியிருந்த சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே படிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை அப்படியே கொண்டுவரவில்லை. ஊருக்கு வந்து, பாடத்தைச் சின்னப் படிகளாக உடைத்து, அட்டைகளை இந்தப் பக்கத்துப் பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ற மாதிரி அவர்களே எழுதினார்கள். கற்றல் ஏணி என்று ஒரு படம் சுவரில் இருக்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து அடுத்த அட்டையை எடுக்கும். நாலு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆசிரியர் தரையில் உட்கார்ந்திருப்பார். சில வருடங்களுக்குப் பிறகு அது கர்நாடகம் முழுக்கப் போனது.

எங்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாக இருந்தது. ஏனென்றால் அதே ரிஷிவேலி வழியைத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. 2007-இல் அது தமிழ்நாடு முழுவதும் ‘செயல்வழிக் கற்றல்’ ஆனது. நானும் தோழியும் அந்த அட்டையிலும் ஏணியிலும் படித்த பிள்ளைகள். பாய், தட்டு, முயல் படம், யானைப் படம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இப்போது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அந்தப் பெரியவர் தன் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி. “முதலில் எழுதியதில் பாதி அட்டைகளைத் தூக்கிப் போட்டோம். பிள்ளைகள் எந்த அட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களோ அதைக் குறித்துவைத்து மறுபடி எழுதினோம்” என்றார்.

செயலாராய்ச்சி என்று எங்கள் பாடத்தில் ஓர் அலகு உண்டு. குர்ட் லெவின் 1946, ஸ்டீபன் கோரி 1953 என்று மனப்பாடம் செய்து எழுதுவோம். திட்டமிடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டமிடு. தேர்வில் இந்த வட்டத்தைப் படமாகப் போட்டால் ஐந்து மதிப்பெண். கோரி அமெரிக்காவில் சொன்னதும் இதைத்தான்: தன் வகுப்பறைச் சிக்கலை ஆசிரியரே ஆராயலாம், வெளியாள் வரவேண்டியதில்லை. இந்தப் பெரியவர் லெவின் பெயரைச் சொல்லவே இல்லை.

சனி

காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்தோம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே இருக்கிறது, நாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைய. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இந்தப் பக்கம்தான், 1969-இலிருந்து. சுற்றி முடித்து ஆளுக்கு இரண்டு செட் தோசை. மைசூர்க்காரர்கள் தோசைக்கு நடுவில் வெண்ணெய்யை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள், அது தானாக உருகி எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

முதல் அமர்வில் வயநாட்டிலிருந்து வந்த ஒரு டி.எல்.எட். மாணவர். மேடைக்கு வந்தவர் கணினியைத் தொடவில்லை. வரிசைக்கு ஒரு செட் என்று சாமான்களைக் கொடுத்தார்: ஒரு பென்சில் செல், ஒரு பழைய டார்ச் பல்பு, ஒரே ஒரு வயர். “எரிய வையுங்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

அறையில் முக்கால்வாசிப் பேர் அறிவியல் பட்டதாரிகள். முதலில் எல்லாரும் செய்தது ஒன்றுதான்: செல்லின் மேல்முனையிலிருந்து வயர், வயரின் மறுமுனை பல்பின் அடியில். எரியவில்லை. செல் தீர்ந்துவிட்டது என்றார் ஒருவர். இன்னொரு வயர் கேட்டார் இன்னொருவர். எங்கள் வரிசையில் ஒரு பேராசிரியரும் மாட்டிக்கொண்டார், பல்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டார். தோழிதான் எரியவைத்தாள். பல்பின் அடிப்பொட்டை நேராகச் செல்லின் ஒரு முனையில் வைத்தாள். வயரை மறுமுனையிலிருந்து கொண்டுவந்து பல்பின் கழுத்தில், அந்தத் திருகு உலோகத்தில் தொட்டாள். பல்புக்கும் இரண்டு முனை உண்டு. மின்சாரம் ஒரு வழியில் உள்ளே போய் மறு வழியில் வெளியே வந்தாக வேண்டும். சுற்று முழுமையானால்தான் எரியும் என்று நாங்கள் எல்லாருமே ஏழாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறோம்.

அறை அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவர் தன் பயிற்சிப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் காட்டினார். எரியவைப்பதற்கு முன்னால், எப்படி வைத்தால் எரியும் என்று வரையச் சொல்லியிருக்கிறார். பல படங்களில் ஒரே வயர், குழாய்த் தண்ணீர் மாதிரி செல்லிலிருந்து பல்புக்குப் போய் அங்கேயே தீர்ந்துபோகிறது. நாங்கள் ஐந்து நிமிடம் முன்னால் செய்ததும் அதேதான். “பிள்ளைகளின் தவறு என்று தலைப்பு வைத்திருந்தேன், இப்போது தலைப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்” என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அட்டவணை ஒன்றுகூட இல்லை. என் மேடம் பக்கத்தில் இருந்த மேடத்திடம், “நல்லாத்தான் இருக்கு” என்றார், கொஞ்சம் சங்கடத்தோடு.

அடுத்த அறையில் மதியம் என் முறை. என் ஆய்வு ஆறாம் வகுப்புப் பின்னம். 1/4 பெரிதா 1/8 பெரிதா என்று கேட்டால் நிறையப் பிள்ளைகள் 1/8 என்பார்கள். எட்டு நாலைவிடப் பெரியது அல்லவா. முழு எண்ணில் பழகிய கண் பின்னத்தையும் அப்படியே பார்க்கிறது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் பார்த்திருக்கும் விஷயம்தான், நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. நான் செய்தது, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதியது. தாளவாடிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு கன்னடம், பள்ளியில் தமிழ். யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி என்றால் பிள்ளைகள் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். அதையும் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தேன்.

ஒரு பெண் பிள்ளை. நோட்டில் 1/8 பெரிது என்று எழுதியிருந்தாள். ஒரு கரும்பை நாலு பேருக்குப் பங்கு போட்டால் உனக்கு அதிகம் வருமா, எட்டுப் பேருக்குப் போட்டாலா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எண்ட்டு ஜனக்கெ ஹஞ்சுத்ரெ நங்கெ கம்மி பத்ததெ” என்றாள். எட்டுப் பேருக்குப் போட்டால் எனக்குக் கம்மியாகத்தானே வரும். சரி, அப்படியென்றால் நோட்டில் எழுதியது? அதற்கு அவள் சொன்ன பதில்: “அது பாலு, இது லெக்க.” அது பங்கு, இது கணக்கு.

மைசூர் அரங்கில் இதை அவள் சொன்ன மாதிரியே வாசித்தபோது சிரிப்பு வெடித்தது. கோபியில் ஒத்திகை பார்த்தபோது யாரும் இப்படிச் சிரிக்கவில்லை. அமர்வுத் தலைவராக இருந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் என் முன் தேர்வு, பின் தேர்வு அட்டவணை திரையில் வந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“அந்தப் பெண் அப்படிச் சொன்ன பிறகு நோட்டில் திருத்தினாளா?” என்று மட்டும் கேட்டார்.

“அன்னிக்குத் திருத்தலீங்க மேடம்.”

“எப்போது திருத்தினாள்?”

காகிதத்தை மடித்து மடித்து, ஒரு மடிப்புக்கு எத்தனை துண்டு என்று எண்ணி, அந்தத் துண்டின் மேலேயே 1/2, 1/4, 1/8 என்று எழுதவைத்த பிறகு, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவளே அடுக்கிப் பார்த்தபோது என்றேன். “கட்டுரையில் இந்த அடுக்கல் ஒரு வரியில் இருக்கிறது, அட்டவணை இரண்டு பக்கம் இருக்கிறது. இடம் மாற்றிப் போடுங்கள்” என்றார். மணி அடித்தது. பதில் சொல்ல நேரம் இல்லை, இருந்திருந்தாலும் சரிங்க மேடம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாலையில் சான்றிதழ். தோழியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். மறு அச்சுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கினோம்.

ஞாயிறு

திரும்பும் பஸ் நாளைதான். காலையில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தை வெளியே இருந்து பார்த்தோம், ஞாயிறு என்பதால் பூட்டு. 1891-இல் தொடங்கியது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரச் சுவடி உலகத்துக்குத் தெரியவந்தது இங்கேதான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைக் கட்டு, கிரந்த எழுத்தில். நூலகராக இருந்த சாமசாஸ்திரி படித்துப் புரிந்துகொண்டு 1909-இல் அச்சிட்டார். மேடம் கேட்டுக்கு வெளியே நின்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். காவலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை, குங்குமம், விலை பேசுவதில் தோழியின் கன்னடம் திடீரென்று பிரமாதமாகிவிட்டது. இரவு ஏழு மணிக்கு அரண்மனையில் விளக்கு. ஞாயிறுதோறும் போடுகிறார்கள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்துபோன பிறகு ஹென்றி இர்வின் வரைபடத்தில் 1912-இல் கட்டி முடித்தது. விளக்குகள் எரிந்த அந்த நொடியில் கூட்டமே ‘ஓ’ என்றது. தோழி என் பக்கம் திரும்பி, “இதுக்கெல்லாம் எத்தனை வயர் தெரியுமா?” என்றாள். வயநாட்டுக்காரர் அவளை விடவில்லை போல.

திங்கள்

பஸ்ஸில் மேடமும் நானும் சாம்ராஜ்நகர் வரை விவாதம். அடுத்த வருட மாணவர்களுக்குப் படிவ ஆய்வை விட்டுவிட்டு, பயிற்சிப் பள்ளியில் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லலாமே என்றேன். “சொல்லலாம். மதிப்பெண் போடுற படிவத்துல புள்ளியியலுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நான் என்ன போடறது?” என்றார். நியாயமான கேள்வி. பூஜ்யம் போடுங்க என்றேன். முறைத்தார். புளிஞ்சூர் வந்ததும் அவராகவே, முதலில் இரண்டு பேரை வைத்துச் செய்து பார்ப்போம், கல்லூரியில் பேசுகிறேன் என்றார்.

சத்தியில் இறங்கியதும் தோழி நேராக ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனாள். புதன்கிழமை அவளுக்குப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பு இருக்கிறது.

“டார்ச் பல்பா? அதெல்லாம் இப்ப யாருங் கண்ணு வாங்கறாங்க, எல்லாம் எல்.இ.டி. ஆயிப்போச்சு. எல்.இ.டி. தர்றேன், நல்லா வெளிச்சம் வரும்” என்றார் கடைக்காரர்.

ஒண்ணரை வோல்ட் செல்லில் வெள்ளை எல்.இ.டி. எரியாது, அதற்கு இரண்டு மடங்கு வேண்டும், அதோடு திருப்பி வைத்தாலும் எரியாது, எனக்குப் பழைய பல்பே வேண்டும் என்று அவள் ஒரு வகுப்பே எடுத்துவிட்டாள். அவர் ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து தூசி படிந்த அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றாகச் செல்லில் வைத்துப் பார்த்தோம், பாதிக்கு மேல் எரிந்தன.

“எரியறத மட்டும் எடுத்துக்கங்க. எதுக்குங்க இத்தனை?”

“பசங்களுக்குங்க.”

“வயரும் வேணுமா?”

“வேணுங்க. ஆளுக்கு ஒண்ணு போதும்.”